அடுப்பு மேடை மூணு அடி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கோடைக்காலத்தில் நடந்தது இது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மாடியில், வீட்டு பிளான் வரைந்து கொடுக்கும் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் நீள அகலம் மட்டும்தான் வரைவேன். வருகிறவர்களோ, "த்ரீடியில காட்டுவீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் படியிறங்கிப் போய்விடுவார்கள். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

சரி, ஒரு சாஃப்ட்வேர் வாங்கிவிடலாம் என்று இறங்கினால் தலை சுற்றியது. பேர்போன சாஃப்ட்வேருக்கு வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். என் வருமானத்துக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. இன்னொன்று இலவசம்தான், ஆனால் இணையம் இருந்தால்தான் திறக்கும். எங்கள் தெருவில் அது இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். திருட்டுக் காப்பி போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, போட்டோ எடுத்த மாதிரியே படம் தரும், ஆனால் விலை கூடுதல். மற்றது மலிவு, ஒரே தடவை பணம் கட்டினால் போதும். படம்தான் பொம்மை வீடு மாதிரி இருக்கும். இரண்டையும் சோதனைக்காக இறக்கி வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆத்தூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணன் தன் மனைவியோடு பிளான் பார்க்க வந்தார். நல்ல உயரமான மனிதர். அந்த அக்கா அவர் தோள் உயரம்கூட இல்லை. நான் வரைந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அக்கா, "கோடு கோடால்ல இருக்கு. இதுல வீடு எங்க தங்கச்சி?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அண்ணன் மட்டும் வந்தார். உட்காரக்கூட இல்லை. "அவளுக்கு வயித்துல கட்டி. முத்திப் போச்சுன்னு மதுரையில சொல்லிட்டாங்க. அவகிட்ட அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கேன். வீடு எழும்புற வரைக்கும் இருப்பாளான்னு தெரியல. படத்துலயாச்சும் முழு வீட்டையும் பாத்துறட்டும் தங்கச்சி" என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கை பழகாத சாஃப்ட்வேரில் அந்த வீட்டை வரைய உட்கார்ந்தேன். விலை கூடியது என் பழைய கம்ப்யூட்டரைத் திணறடித்து அப்படியே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் பொம்மை வீடு காட்டுகிற மலிவு சாஃப்ட்வேருக்கே போனேன். வரைந்து முடித்து இருவரையும் வரச் சொன்னேன்.

அக்கா நின்று நின்று படியேறி வந்தார். வாசல், கூடம், மாதா படம் வைக்கும் மாடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். சமையலறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பேன்ட் போட்டு நின்றுகொண்டிருந்தாள். அளவு தெரிவதற்காக அந்த சாஃப்ட்வேரே நிறுத்தி வைக்கிற உருவம் அது.

"யாரு இவ, என் அடுப்படியில?" என்று அக்கா கேட்க, அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னிடம், "அடுப்பு மேடையை ரெண்டரை அடிக்கு இறக்கிருங்க தங்கச்சி. இவளுக்கு எட்டாது" என்றார். இறக்கினேன். அக்காவுக்கு இளநீர் வாங்கி வருகிறேன் என்று அவர் கீழே போனார்.

அவர் போனதும் அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, இந்த வெள்ளைக்காரிய எடுத்துட்டு ஒரு ஆம்பளைய நிப்பாட்டுங்க. அவரு உசரத்துக்கு."

நிறுத்தினேன்.

"ரொம்பக் குனியணும் போலயே. மேடையை ஏத்துங்க."

மவுஸால் பிடித்து மேலே இழுத்தேன். "இன்னும் செத்த ஏத்துங்க... ம், போதும்." மூன்று அடி காட்டியது.

"இம்புட்டு உசரத்துல நீங்க எப்படிக்கா சமைப்பீங்க?" யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவருக்கு இடுப்பு வலி உண்டு. குனிஞ்சு நின்னா தாங்க மாட்டாரு" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு, பாவம்" என்றார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "அந்த வெள்ளைக்காரிய வெரசா நிப்பாட்டுங்க" என்று அவசரப்படுத்தினார். அவளை நிறுத்தினேன்; மேடையை மட்டும் மூன்று அடியிலேயே விட்டுவிட்டேன். அண்ணன் உள்ளே வந்தபோது, "வீடு லட்சணமா இருக்குங்க" என்று சிரித்த முகமாக இளநீரை வாங்கிக் குடித்தார். நான் ஏதோ எடுக்கிற சாக்கில் எழுந்துபோய் அழுதேன்.

அந்த வாரமே பொம்மை வீட்டு சாஃப்ட்வேரைப் பணம் கட்டி வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு எதையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

சுவர் பாதி எழும்பியபோதே அக்கா போய்விட்டார். அதன் பிறகு அண்ணன் கட்டட வேலையை எட்டிப் பார்க்கவே இல்லை. என் படத்தைக் கொத்தனார் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

வீடு முடிந்து, குடிபோகும் நாளில் சர்ச் சாமியார் வந்து ஜெபிக்கிற மந்திரிப்புக்கு என்னையும் அழைத்திருந்தார். சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் பால் காய்ச்சினார்கள். அண்ணனேதான் அடுப்பைப் பற்ற வைத்தார். மேடையில் கை வைத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டரை அடினுதான தங்கச்சி சொன்னேன்? உசந்து போச்சே" என்றவர், என் முகம் வாடியதைப் பார்த்து, "பரவால்ல விடுங்க, எனக்கு வாட்டமாத்தான் இருக்கு" என்று அவரே சமாதானமும் சொன்னார்.

பேசாமல் இருந்துவிடத்தான் நினைத்தேன். முடியவில்லை. "அக்காதான்ணே ஏத்தச் சொன்னாங்க. உங்க உசரத்துக்கு ஒரு ஆளை நிக்க வச்சுப் பாத்துட்டு" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பால் பொங்கியது, எல்லோரும் சத்தம் போட்டார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. "அப்ப... அவளுக்குத் தெரியுமா?" என்றார். தலையசைத்தேன்.

"இம்புட்டு நாளும் நான்தான் நடிக்கிறேன்னு நெனச்சேனே" என்று சொல்லி, அந்த மேடைக் கல்லின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உடைந்து அழுதார்.

சொல்லாதே என்று கேட்டவரின் பேச்சை நான் மீறியது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் இனி தினமும் ஒற்றை ஆளாக நின்று சோறு பொங்கப்போகிற இடத்தில், தன்னைக் குனியவிடாமல் வைத்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாமலே போவதை என்னால் தாங்க முடியவில்லை.