கால் நீட்ட ஒரு கம்பளம்

அறுபதுகளில் போர்ட் பிளேரில் வீட்டுக்குக் கம்பளம் வாங்குவது பெரிய அதிகாரிகளின் வேலை. டெய்ரி ஃபார்ம் பேட்டையில் குடியிருந்த எங்களுக்கெல்லாம் பாய்தான். விசேஷம் என்றால் ஒரு ஜமக்காளம், அதுவும் பாதி நாள் இரவல். அப்படிப்பட்ட தெருவில், எதிர்வீட்டு அமுதம், கையால் நெய்த கம்பளம் ஒன்று வாங்கியே தீருவேன் என்று கிளம்பினாள். அவள் புருஷன் அடைக்கலசாமி படகுப் பட்டறையில் தச்சர். தச்சன் பெண்டாட்டிக்குக் கம்பளம் கேட்கிறதா என்று தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. எதற்காக வாங்குகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். அவள் இரண்டாவது பெண் லூசிக்கு நிச்சயதாம்பூலம் வந்துகொண்டிருந்தது. தூத்துக்குடிக் கரைப் பக்கத்தில் அவர்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டார் விரிப்பில் உட்கார்ந்திருப்பார்கள். தாம்பூலத் தட்டு மாற்றும் வரை பெண்ணைப் பெற்றவர் கைகூப்பி நிற்க வேண்டும். கடல் தாண்டி வந்தும் அந்த வழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அடைக்கலசாமிக்கோ வலது முழங்கால் மடங்காது. முன்பு காட்டில் மரம் தள்ளும் வேலையில் இருந்தபோது ஒரு மரம் உருண்டு அதன் மேல் ஏறிவிட்டது.

மூத்தவள் ஞானசெல்வியின் நிச்சயத்தன்று அந்தக் காலோடு அவர் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் சாவகாசமாகக் கதை பேசினார்கள், ஜெபம் சொன்னார்கள், காப்பி குடித்தார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். மறுநாள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப் படுத்துவிட்டார். வீக்கம் வடியுமுன் வந்த கல்யாணத்தன்று பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போகக்கூட அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஞானசெல்வி புருஷனோடு கார் நிக்கோபார் தீவுக்குக் கப்பல் ஏறும் வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

"இந்தத் தடவை அவுக உக்காரணும் ருக்கு," என்றாள் அமுதம். "நாக்காலி போட்டா, தரையில இருக்க சம்பந்திக்கு மேல உக்காந்த மாதிரி ஆயிரும், சம்மதிக்க மாட்டாக. தரையில உக்காந்தா காலை நீட்டித்தான் ஆகணும். வெறும் சிமெண்டுல அந்தக் கால் அஞ்சு நிமிசம் தாங்காது. ஜமக்காளமும் அப்படித்தான். மெத்துனு கெட்டியா ஒண்ணு வேணும்."

அந்தச் சமயத்தில் டெல்லிக்கு மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரி வீட்டில் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். கப்பலில் எல்லாவற்றையும் ஏற்ற முடியாது என்று அதிகாரியின் மனைவி மேம்சாப் கடைசிப் பாத்திரம் வரை வெளியே எடுத்து வைத்திருந்தாள். இந்தி பேச நான் துணைக்குப் போனேன்.

கூடத்தில் இரண்டு கம்பளங்கள் விரித்திருந்தன. ஒன்று சிவப்பு, கிளியும் பூவுமாகப் புத்தம் புதியது. இன்னொன்று நீலத்தில் மெல்லிய பருத்தி விரிப்பு, தரி என்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் சிவப்பைத் தடவிப் பார்த்து, விலை கேட்டு, பெருமூச்சு விட்டு நகர்ந்தார்கள். அமுதம் தடவவில்லை. நேராக அதன் மேல் உட்கார்ந்தாள். வலது காலை விறைப்பாக நீட்டி, முழங்காலை அழுத்தி, இப்படியும் அப்படியும் உருட்டினாள். அங்கே நின்ற அதிகாரிகள் பெண்டாட்டிமார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேம்சாப் இவளுக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அமுதம் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "இது வழுக்குது," என்றாள். நீலத்திலும் உட்கார்ந்தாள். "சிமெண்டு குத்துது."

பிறகு பின்வராந்தாவுக்கே போய்விட்டாள். அங்கே சுவரோரம் பெரிய கம்பளம் ஒன்று பாதி சுருண்டு கிடந்தது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நிறம். ஒரு மூலை தேய்ந்து நூல் தெரிந்தது, நடுவில் தணல் விழுந்த கறுப்பு. அதன் மேல் நாய் படுத்திருந்தது. அமுதம் நாயை எழுப்பிவிட்டு, ஓரத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். கடற்கரையில் வலை வாங்குகிறவர்கள் அப்படித்தான் தேய்ப்பார்கள்.

"முடிச்சு நெருக்கமா இருக்கு," என்றாள். அதிலும் உட்கார்ந்து காலை நீட்டினாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

மேம்சாப் பதறிவிட்டாள். "யே தோ புரானா ஹை, ரொம்பப் பழசு. என் மாமனாருக்கு அவர் அப்பா மிர்சாப்பூரிலிருந்து வாங்கித் தந்தது. நாய்க்குப் போட்டிருக்கிறோம். சிவப்பைப் பாருங்கள், நயா, புதுசு," என்றாள் இந்தியில். நான் தமிழில் சொன்னேன்.

"இத்தன பேரு இத்தன வருசம் மிதிச்சும் இன்னும் மெத்துனு இருக்கு பாரு. எனக்கு இதுதான் வேணும்னு சொல்லு," என்றாள் அமுதம். என்ன விலை கொடுத்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். மேம்சாப் நல்லவள், அவ்வளவுதான் சொல்வேன்.

கைவண்டியில் வந்து இறங்கிய கம்பளத்தைப் பார்த்துத் தெரு இன்னும் கொஞ்சம் சிரித்தது. காசு கொடுத்து நாய்ப்படுக்கை வாங்கிவந்தவள் என்று பெயர் வைத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழை விட்ட ஒரு வாரம் அதைப் பாறையில் போட்டு, துடுப்பால் அடித்து, வேப்பிலைப் புகை காட்டினாள். ஓரத்தில் தொங்கிய நூல்களைக் கிழிசல் என்று நினைத்து, ஒன்று விடாமல் வலைமுடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டாள். அது அழகுக்கு விட்ட குஞ்சம் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறப்பேனா?

அடைக்கலசாமிதான் திறந்தார். "கம்பளம் போடு, வேண்டாங்கல. ஆனா நான் நிப்பேன். பொண்ணைப் பெத்தவன் சம்பந்தியப் பாத்துக் காலை நீட்டுனா பொண்ணுக்குத்தான் கேவலம்," என்றார்.

"பாப்போம்," என்றாள் அமுதம்.

மாப்பிள்ளை வீட்டார் துறைமுகத்துக்கு அக்கரையில் உள்ள பம்பூஃபிளாட்காரர்கள். சாத்தம் தீவில் படகிறங்கி, பாலம் தாண்டி, நல்ல புடவையும் வேட்டியுமாக வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை ஜெபராஜ், அவன் அப்பா சிலுவைராஜ், அம்மா அன்னம்மாள், கூட ஒரு கூட்டம். சிலுவைராஜுக்குச் சொந்தமாகப் படகுகள் உண்டு, அதற்கேற்ற நிமிர்வும் உண்டு. கூட்டம் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, கம்பளத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டது. ஒருத்தரும் கால் வைக்கவில்லை. அவ்வளவு பெரிய கம்பளத்தை அவர்கள் கோயில் பீடத்துப் படிகளில் மட்டுமே பார்த்திருந்தார்கள். அன்னம்மாள் குனிந்து அதைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கோயிலு கம்பளமா மதினி? சாமியாரு குடுத்தாகளா?"

"எங்க வீட்டுதுதான். ஏறி மிதிங்க," என்றாள் அமுதம்.

உட்கார்ந்தார்கள். அடைக்கலசாமி சுவரோரம் போய்க் கைகூப்பி நின்றார். உபதேசியார் ஜெபம் சொன்னார். ஜெபம் முடிந்து, பேச்சு முடிந்து, எல்லோரும் தட்டுக்காகத் திரும்பினார்கள். அமுதம் வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள். நகரவில்லை.

"ஏளா, கொண்டா," என்றார் அடைக்கலசாமி.

"நீங்க உக்காருங்க. கொண்டாரேன்."

உள்ளறைக் கதவோரம் லூசி என் கையை இறுக்கிப் பிடித்தாள். இந்தச் சம்பந்தம் முறிந்தால் அடுத்த சம்பந்தத்துக்கு எங்கே போவது? தீவில் இவர்கள் ஆட்கள் எத்தனை வீடு?

சிலுவைராஜ் மரியாதையாகத்தான் பேசினார். "என்ன சம்பந்தியம்மா இது? அவரு நிக்கது நமக்குள்ள வழக்கந்தானே."

"மூத்தவளுக்கு நின்னாக அண்ணாச்சி. நின்னு, கால் வீங்கி, அவ கல்யாணத்தைப் பாக்க முடியாமப் போச்சு. எம்பொண்ணு தகப்பன் கையப் பிடிக்காமக் கோயிலுக்குப் போனா. இவளுக்கும் அப்படி நடக்க விடமாட்டேன்."

"சரிம்மா. ஆனா அவரு உக்காந்தா காலு எங்களப் பாத்துல்ல நீளும். ஊருல என்ன சொல்லுவாக?"

"ஊரு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு அண்ணாச்சி. இது என் வீடு."

அன்னம்மாள் தன் புருஷனைப் பார்த்தாள். புருஷன் கம்பளத்தைப் பார்த்தார். ஜெபராஜ் வாய் திறப்பான் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்தது. அவன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பிற்காலத்தில் நல்ல மருமகன்தான் ஆனான், அது வேறு.

அடைக்கலசாமி சுவரை விட்டு நகர்ந்தார். பெண்டாட்டிக்குப் பயந்தா, கால் வலி தாங்காமலா, எனக்குத் தெரியாது. கையை ஊன்றி, இடது காலை மடக்கி, மெல்ல மெல்லக் கம்பளத்தில் இறங்கினார். வலது கால் விறைப்பாக நீண்டது. பாதம் நேராக சிலுவைராஜின் முகத்தைப் பார்த்து நின்றது. அடைக்கலசாமி முகம் வெளுத்து, காலைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். அது எங்கே வரும்?

அமுதம் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு காலும் நன்றாக மடங்கும். இரண்டையும் நீட்டினாள். தட்டைப் புருஷன் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "எடுத்துக்குங்க," என்றாள்.

சிலுவைராஜ் தட்டைப் பார்த்தார். அதை எடுக்க வேண்டுமானால் அந்தப் பாதத்தை நோக்கிக் குனிய வேண்டும். "சம்பந்தி," என்றார், அமுதத்தை விட்டுவிட்டு அடைக்கலசாமியிடம், "காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பிக்கிட்டா நல்லது."

அடைக்கலசாமி ஞானசெல்வி கல்யாணத்தன்று பாயில் கிடந்து கோயில் மணியைக் கேட்டாரே, அது ஞாபகம் வந்ததோ என்னவோ. மறுபடி கூப்பியிருந்த கைகளைப் பிரித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"இல்ல சம்பந்தி," என்றார். "காலு இங்கதான் இருக்கும். நீங்க எடுங்க."

சிலுவைராஜ் குனிந்து எடுத்தார்.