சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பெயர்

சித்தூரின் பழைய மிஷன் கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டது. பெயர் படிக்க முடியாத குழிகளைத் திங்கட்கிழமை தோண்டிப் புதிதாய்ச் சாகிறவர்களுக்குக் கொடுப்பதாகச் சபைக் கமிட்டி முடிவு செய்தது. கல்லில் பெயர் இருந்தால் தப்பும்.

மாம்பழக்கூழ் ஆலையில் இருபத்தாறு வருடம் பழம் நறுக்கிய ஜெயசீலி, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பழைய கத்தியும் சாமந்திப் பூவுமாக வந்தாள். பதினொரு மாதக் குழந்தையாகக் காய்ச்சலில் போன அவள் மகள் கேசியா இங்கேதான் கிடக்கிறாள். அடக்கத்துக்குப் பெண்கள் வரும் வழக்கம் அன்று அவர்கள் வீட்டில் இல்லை. அடுத்து வந்த ஈஸ்டர் விடியற்கால ஜெபத்தில், இருட்டில், வீட்டுக்காரர் தியோடர் வேப்பமரத்தடியைக் கைகாட்டி, "அங்கதான்" என்றார். அதற்கு மேல் கேட்டால் அழுதுவிடுவார் என்று அவள் கேட்கவில்லை. விடிந்ததும் அங்கே தெரிந்த சின்னக் கல்லைக் குழந்தையுடையது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். முப்பத்தெட்டு ஈஸ்டருக்கும் அதற்குத்தான் பூ வைத்தாள். எழுத்தைப் பார்க்க முடிந்தால்தானே? வருடா வருடம் சபையார் பக்தியோடு சுண்ணாம்பு அடித்து அடித்து எல்லாக் கல்லையும் மொழுமொழுவென்று ஆக்கியிருந்தார்கள். செத்தவர்களை வெள்ளையாக வைப்பதில் இருந்த அக்கறை, செத்தது யார் என்பதில் இல்லை.

கத்தி பட்டதும் சுண்ணாம்பு அப்பளம் போலப் பெயர்ந்தது. முதலில் 'வயது 4' என்று தெரிந்தது. ஜெயசீலியின் கை நின்றுவிட்டது. பிறகு 'சாலமோன்'. பிறகு '1931'.

பக்கத்துக் கற்களையும் சுரண்டினாள். ஒன்றில் ஓர் உபதேசியார், இன்னொன்றில் அவர் மனைவி. மற்றதெல்லாம் கல்லே இல்லாத மேடுகள், புல். தியோடர் போய் ஆறு வருடம் ஆகிறது, கேட்க ஆளில்லை. அன்றைக்கே வாய்விட்டுக் கேட்காத தன் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

குழி வெட்டும் சிட்டிபாபு சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்தான்.

"இன்னாக்கா, பேரு தெரியுதா? பாப்பாவுது எதுனு சொல்லு, தோண்டாம வுட மார்க் போட்டுர்றேன்."

ஜெயசீலி புல்லைப் பார்த்தாள். எந்த மேட்டைக் காட்டுவது?

"எங்க கெடக்குதுனே தெரில பாபு. இது சாலமோனு. யாரு பெத்த புள்ளயோ. முப்பத்தெட்டு வருசமா என் கையால பூ வாங்கிக்கினு கீறான். இவன தோண்டாத."

அவன் கல்லில் சிவப்புக் கோடு போட்டான். அவள் சாமந்தியைச் சாலமோனுக்கு வைக்கவில்லை. நாளை மண்வெட்டி விழப்போகும் மேடுகளின் மேல் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போனாள். பாதி மேடுகள்கூட ஆகவில்லை, பூ தீர்ந்துவிட்டது.