தகரப் புனல்

மாநில எல்லை பிரித்ததில் திருத்தணி ஆந்திராவிலிருந்து மதராஸ் பக்கம் போனபோது, என்னோடு வேனில் வந்துகொண்டிருந்த தம்பியும் அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு நகரியிலிருந்து திருப்பதிக்குத் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நான் தனியாகவே வேனை ஓட்டிப் போனேன்.

அப்போதுதான், தூசியை வடிகட்டும் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு ஒரு தகரப் புனலை மாட்டினேன். காற்று நிறைய போனால் இழுவை கூடும் என்று யாரோ சொன்னார்கள். என்ஜின் உறுமியது. “யானை மாதிரி இழுக்குது” என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டேன். பச்சைப் பொய். புத்தூர் மேட்டில் எந்த மைல்கல்லில் எப்போதும் கியரை இறக்குவேனோ, அதே கல்லில்தான் அன்றும் இறக்கினேன்.

சில மாதங்களில் வண்டி புகைய ஆரம்பித்தது. புத்தூர் மெக்கானிக் என்ஜினைப் பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

“சத்தம்தாண்ணா ஏறிச்சு, பலம் ஏறல. மண்ணு உள்ள போய்க்கினே இருந்திருக்குது. ஒருநாள் கூடவா உனக்குத் தெரியல?”

இழுவை கூடவில்லை என்பது முதல் நாளே எனக்குத் தெரியும்.

என்ஜினைச் சரிசெய்து, பழைய ஏர் கிளீனரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மேடு ஏறும்போது, தம்பி உட்காரும் சீட்டின் ஸ்பிரிங் ஆளில்லாமல் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் காதில் விழாமலிருக்கத்தான் ஒரு என்ஜினையே பாழாக்கியிருக்கிறேன்.