சீதனக் காணி

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருக்கிறோம். பக்கத்தில் நெடுந்தீவு அக்கா ஒருவர் மடியில் காணி உறுதிப் பத்திரத்தை வைத்தபடி பிளேன்டீ குடிக்கிறார். யாழ்ப்பாணத்தில் உறுதி எழுதும் நொத்தாரிசைப் பார்த்துவிட்டு, போன காரியம் ஆகாமல் திரும்புகிறார்.

“என்ர சீதனக் காணி. மகளுக்கு எழுதப் போனனான். மனிசன்ர கையெழுத்து இல்லாமல் ஏலாதாம். அந்தாள் பதினொரு வருசமாப் பிரான்சில வேற குடும்பத்தோட இருக்குது. கோட்டில போய்க் கேக்கலாமாம். என்ர காணியை என்ர பிள்ளைக்குக் குடுக்க நான் வழக்குப் போட வேணுமாம்.”

என்னோடு கொழும்பிலிருந்து வந்திருக்கும் நண்பர் சட்ட விரிவுரையாளர். இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிடுகிறது.

“இதுதான் தேசவழமை. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்தாருக்கென்று எழுதி வைத்த சட்டம். இது இவர்களுடைய பண்பாடு. வெளியிலிருந்து வருகிற நாங்கள் சரி பிழை சொல்லக் கூடாது” என்கிறார் என்னிடம். அருங்காட்சியகத்தில் உடைந்த பானையைக் காட்டுபவரின் குரல் அது. பானைக்குக் காது கேட்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா திரும்பிப் பார்க்கிறார். “உங்கட மனிசிக்குக் காணி இருக்கோ?”

“ஓம், வத்தளையில.”

“அதை எழுத உங்கட கையெழுத்து வேணுமோ?”

“இல்லை. நாங்கள் கொழும்பு. எங்களுக்குத் தேசவழமை பொருந்தாது.”

அக்கா மிச்சத் தேநீரை ஆறுதலாகக் குடித்து முடிக்கிறார்.

“பாவம் அவ” என்கிறார். “அவவுக்கு ஒரு பண்பாடும் இல்லாமல் போச்சு.”