பதாகையில் நான் வெட்டிய சொல்

மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகச் சுன்னாகத்தில் பெண்கள் நாங்கள் ஓடினோம். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நான்தான் பதாகை எழுதினேன்.

"பிள்ளை, 'மார்பு' எண்டதை வெட்டும். சந்தையிலை ஆம்பிளையள் நிப்பினம்," என்றார் ஓட்டத்தை ஒழுங்குசெய்த சங்கத்தின் தலைவர். நானும் 'மார்புப் புற்றுநோய்' என்பதை வெட்டி 'பெண்கள் நலம்' என்று மாற்றினேன்.

அந்தப் பதாகையைப் பார்த்து எங்களோடு சேர்ந்த என் மச்சாள், ஓடி முடித்ததும் சிரித்தபடி கேட்டாள்: "எடி, கால் முறியுது! உண்மையிலை என்னத்துக்கு ஓடினனாங்கள்?"

சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"எனக்கும் ஒரு கட்டி கிடக்கு. நோகேல்லை எண்டு ஆறு மாசமாய் விட்டிட்டன்."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு தப்பிவிட்டாள். தலைவர் மேலுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. என் மேலுள்ளது அதைவிடப் பெரிது.

இப்போது எந்தக் கூட்டத்திலும் முதல் வசனத்திலேயே அந்தச் சொல்லைச் சொல்கிறேன். பிறகு கேட்கிறேன்: மார்பில் கட்டி உண்டா? தோல் சுருங்கியதா? காம்பில் நீர் வடிகிறதா? ஆண்கள் நின்றால் இன்னும் உரக்கக் கேட்கிறேன்.