மூன்று நொடி அராக்ஸி

சாப்பாட்டு மேசைத்துணியை நாலு மூலையும் சேர்த்துப் பிடித்து, சமையலறையின் பின்வாசலுக்குக் கொண்டுபோய் உதறுவது அராக்ஸியின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை அது. பர்பேங்க் என்கிற அமெரிக்க ஊரில் ஒரு வாடகை வீட்டில் மெல் டிராப்கின் நடத்திவந்த தொலைக்காட்சி கம்பெனியில் அவள் போன் எடுக்கத்தான் சேர்ந்தாள். ஆனால் சிரிப்புத் தொடருக்கு வசனம் எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அங்கே நாலைந்து ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்கமாட்டார்கள். ரொட்டித் தூளும் ஆலிவ் கொட்டையும் சிகரெட் சாம்பலுமாகக் கிடக்கும் அதே மேசையில்தான் அவள் பிற்பகல் தட்டச்சு செய்தாக வேண்டும். நின்று பார்ப்பாள், முறைத்துப் பார்ப்பாள், கடைசியில் ஒரு சத்தம் போடுவாள்.

"போதும், எந்திரிங்க!"

எழுபத்தொன்றாம் வருஷம் மெல்லுக்கு முதல் தொடர் கிடைத்தது. ஒவ்வொரு வாரமும் தொடர் முடிந்ததும் கம்பெனி பெயரைக் காட்டும் லோகோ ஒன்று வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு என்று சேனல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மெல் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சிங்கம் வேணாம், கழுகு வேணாம், உலக உருண்டையும் வேணாம். எல்லாத்தையும் பெரிய ஆளுங்க பிடிச்சுக்கிட்டாங்க. நம்மகிட்ட என்னய்யா இருக்கு?"

அவர்களிடம் இருந்தது ஒரு சமையலறை. அதன் பின்வாசலுக்கு வெளியே, முற்றத்தில், கேமராக்காரர் ஓட்டோ மிச்சமிருந்த பிலிம் சுருளைப் போட்டு வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒலி இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. அராக்ஸி வந்தாள், சத்தம் போட்டாள், எழுத்தாளர்களின் முழங்கைக்கு அடியிலிருந்து துணியை உருவினாள், பின்வாசலில் நின்று உதறினாள். அவளுக்கு நேர் எதிரே கேமரா. துணி விரிந்து படம் முழுக்க வெள்ளையாக நிறைந்தது. ஓட்டோ இருமினார்.

படத்தைப் போட்டுப் பார்த்த மெல் தொடையில் தட்டிக்கொண்டார். "இதுதான்! அந்த வெள்ளையில கம்பெனி பேர எழுதுங்க!"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் அராக்ஸி. "தலையில முடி சுருட்டுற கிளிப்பு மாட்டியிருக்கேன்."

"மூணு நொடிதான் அராக்ஸி. யாரு பாக்கப்போறா?"

பிரெஸ்னோவில் இருந்த அக்கா சிரான் பார்த்தாள். அடுத்து வந்த விளம்பரம் முடிவதற்குள் போன் அடித்தது.

"அடியே, உன்ன டிவியில காட்டுறாங்க! தெரிஞ்சிருந்தா தெருவையே கூப்பிட்டிருப்பேன். அது இருக்கட்டும், துணியிலேருந்து என்னமோ பறந்து வந்துச்சே?"

"ஆலிவ் கொட்ட."

"அம்மா இருந்திருந்தா நாண்டுக்கிட்டிருப்பா. நாடே பாக்குது, மேசைய வழிச்சுத் தொடைச்சிட்டுத் துணிய உதறத் தெரியாதா உனக்கு?"

அன்றிலிருந்து அவள் குடியிருந்த தெருவிலும் அவள் போகும் தேவாலயத்திலும் அராக்ஸிக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. ஆர்மீனியக் கோயிலில் பாதிரியார் பிரசங்கத்தை இழுக்கும்போதெல்லாம் பின்பெஞ்சிலிருந்து யாராவது குனிந்து, "நீ ஒரு வார்த்த சொல்லேன், அராக்ஸி" என்பார்கள். கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவர்களை எழுப்ப அவளைத் தேடி ஆள் வரும். வெளியே சலித்துக்கொள்வாள். ஆனால் வாராவாரம் தொடர் முடிகிற நேரத்தில் கைவேலையை வைத்துவிட்டு டிவி முன்னால் வந்து நிற்கத் தவறியதில்லை.

அவள் கணவன் ஹ்ராண்ட் மட்டும் அதைப் பார்த்ததே கிடையாது. டைல்ஸ் பதிக்கிற வேலை அவனுக்கு. தொடர் முழுவதும் சோபாவில் சிரித்துக்கொண்டிருப்பான். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து பிரிட்ஜுக்குப் போய்விடுவான்.

"பொண்டாட்டிய மூணு நொடி பாக்க முடியாதா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"எந்திரின்னு நீதானே சொல்ற? எந்திரிச்சாலும் தப்பா?"

தொடர் நன்றாக ஓடியது. கையில் காசு புரண்டதும் மெல்லுக்குப் பழைய லோகோ கையால் ஒப்பேற்றிய வேலை மாதிரி தெரிந்தது. இந்த முறை பெரிய ஸ்டுடியோ. அராக்ஸிக்குப் பூப்போட்ட கவுன், உதட்டுச் சாயம், கஞ்சி போட்டு இஸ்திரி செய்த துணி. கஞ்சி போட்ட துணி பறக்குமா? தகரம் மாதிரி மடங்கி நின்றது. ராட்சதக் காற்றாடி ஒன்றை வைத்தார்கள். துணி அவள் முகத்திலேயே அறைந்தது. கடைசியில் தரையில் படுத்துக்கொண்டு கீழேயிருந்து மேலே எடுத்தார்கள். பின்னணியில் மின்னிசைக் கருவி ஒன்று ஊய்ங்ங் என்று அலறியது. இருட்டிலிருந்து துணி எழும்பி வரும், அதன் மேலே அராக்ஸியின் மூக்கு எழும்பி வரும், பிறகு அந்தக் குரல். குரலை மட்டும் பழைய பிலிமிலிருந்தே எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

நாடெங்கும் குழந்தைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தன. ஓஹையோவிலிருந்து ஒரு தாய் எழுதினாள்: என் பையன் துணி விரித்த மேசையில் உட்காரவே மாட்டேன் என்கிறான், நின்றுகொண்டே சாப்பிடுகிறான். மெல்லுக்கு ஏக சந்தோஷம். "அழுதாலும் ஞாபகம் வச்சுக்கிட்டுதானே அழுவுறாங்க!"

அராக்ஸிக்குச் சந்தோஷமில்லை. மளிகைக் கடையில் கத்தரிக்காய் நிறுக்கும்போது வாய் தவறி, "போதும்" என்றுவிட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு குட்டிப்பெண் அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. அதற்குப் பிறகு கடைக்குப் போனால் தலையை மட்டும்தான் ஆட்டினாள்.

புகார்கள் சேனல் வரைக்கும் போனதும், எண்பத்தொன்றில் லோகோவைக் கார்ட்டூனாக மாற்றினார்கள். மஞ்சள் முடி, கொடியிடை, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே துணி உதறுகிற ஒரு பெண். சிரான் போன் செய்தாள்.

"யாருடி அந்த மேனாமினுக்கி?"

"நான்தான்க்கா."

"உன் மூக்கு எங்க?"

"எடுத்துட்டாங்க."

"நம்ம அப்பாவோட மூக்குடி அது! எடுக்க அவங்க யாரு?"

அராக்ஸி அதையும் பொறுத்துக்கொண்டாள். படம் போனால் போகட்டும், வாயைத் திறந்தால் அவள்தானே? பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அந்தப் பெண்ணும் போய்விட்டாள். கறுப்பு வெட்டவெளியில் வெள்ளித் தகடு மாதிரி ஒரு துணி தானே பறந்து வந்து, தானே விரிந்து, தானே பளபளத்தது. உதற ஆளே வேண்டியிருக்கவில்லை. ஆனால் அது விரியும்போது பர்பேங்க் சமையலறையின் அந்தச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. அவளில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

எண்பத்தெட்டில் மெல் கம்பெனியைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றார். புது நிர்வாகியாக வந்த லாரன் நல்ல பெண். அராக்ஸியின் மேசைக்கே வந்து உட்கார்ந்து பேசினாள்.

"உங்க குரல் எங்களுக்கு வேணும், மிஸஸ் டெர்சியான். ஆனா பழைய பதிவுல பிரிட்ஜ் உறுமுது, யாரோ இருமுறாங்க. புது ஸ்பீக்கர்ல எல்லாம் கேக்குது. சுத்தமா ஒரு தடவ சொல்லிக் குடுத்துட்டீங்கன்னா போதும்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஒருவேளை சரியா வரலேன்னா இருக்கட்டும்னு பமீலான்னு நெப்ராஸ்காவிலேருந்து வந்த ஒரு நடிகையையும் கூப்பிட்டிருக்கோம். மிஸ்டர் டிராப்கின் யாரோடதுன்னு தெரியாம ரெண்டையும் கேட்டுத் தேர்ந்தெடுப்பார். அவர் சொன்னா அதுதான் முடிவுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு."

அராக்ஸிக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் மாதிரி பேச நெப்ராஸ்காவிலிருந்து ஒருத்தி! அதுவும் தேர்ந்தெடுக்கப்போவது யார்? பதினேழு வருஷமாக அவள் அரிசி வைத்துக் கையால் சுருட்டிய திராட்சை இலைப் பொட்டலங்களைச் சாப்பிட்ட மெல்.

இருந்தாலும் வீட்டில் பழகிப் பார்த்தாள். முதலில் குளியலறையில். பிறகு, வெறும் சுவரிடம் சொல்லி என்ன பிரயோஜனம் என்று, சோபாவில் கிடந்த ஹ்ராண்டின் எதிரில் வந்து நின்றாள். குழந்தைகள் பயந்த ஞாபகம் வந்தது. கொஞ்சம் பதமாகவே சொன்னாள்.

"போதும், எந்திரிங்க."

ஹ்ராண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்துவிட்டது. "என்ன அராக்ஸி? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல."

"சிரானுக்கு ஏதாவது...?"

"போய்யா அந்தப் பக்கம்!"

பதிவு செய்யும் அறையில் சுவரெல்லாம் கம்பளம். மேசையில் ஒரு தூசு இல்லை. தண்ணீர்க் குவளைக்கு அடியில்கூடத் தட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கைகட்டி, வாய்மூடி, அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். இவர்களை எதற்கு எழுப்புவது? முதலில் கத்தினாள், அது அவளுக்கே போலியாகப் பட்டது. பிறகு முறைத்துக்கொண்டு சொன்னாள், இடுப்பில் கைவைத்துச் சொன்னாள், உட்கார்ந்து சொன்னாள். கடைசியாகச் சொன்னதில் கோபமும் இருந்தது, கொஞ்சம் அன்பும் இருந்தது. அவளுக்கே திருப்தி. "இதையே வச்சுக்கோங்க" என்றாள்.

அடுத்து பமீலா போனாள். ஒல்லிப் பெண், வாரம் முழுக்கப் பழைய பதிவைக் காதில் மாட்டிக்கொண்டே திரிந்ததாகச் சொன்னாள். உள்ளே போனதும் காலணியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, ஒரே ஒரு தடவை சொன்னாள். நேராகக் கிளம்பி வேறெங்கோ போய்விட்டாள்.

மெல் வந்தார். கோல்ஃப் கால்சட்டை, வெயிலில் சிவந்த மண்டை. ஓய்வு அவருக்கு ஒத்துக்கொண்டிருந்தது. "ஏய் அராக்ஸி! என்ன சாப்பாடு இன்னைக்கு?" என்று அவளை அணைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். லாரன் சைகை காட்டினாள். குரல் ஒன்று ஒலித்தது. சற்று இடைவெளி விட்டு இன்னொன்று.

மெல் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "முதல்ல வந்ததுதான். இதுல என்ன சந்தேகம்? கேட்டதும் என் கை தானா மேசையிலேருந்து விலகிடுச்சு! சோதன வைக்கிறாங்களாம் சோதன. ரெண்டாவது யாரோ நம்ம அராக்ஸி மாதிரி நடிக்கிறா, பாவம், ரொம்பக் கஷ்டப்படுறா." அவள் முழங்கையில் இடித்தார். "என்ன அராக்ஸி, சரிதானே?"

அராக்ஸி மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் டிராப்கின்," என்றாள் லாரன் மெதுவாக, "முதல்ல வந்தது பமீலா."

மெல் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இன்னொரு தடவ போடு. இந்த ஸ்பீக்கர் சரியில்ல."

"நல்லாத்தான் சார் இருக்கு" என்றான் இயந்திரத்திடம் உட்கார்ந்திருந்தவன்.

"நீ சும்மாயிரு. அராக்ஸி, நீ ஏன் இப்படிச் சொன்ன? எப்பவும் மாதிரி சொல்ல வேண்டியதுதானே? ஜலதோஷமா? வேணும்னே மாத்திச் சொன்னியா?"

அவள் எழுந்தாள். தண்ணீர்க் குவளையைத் தட்டின் நடுவில் நகர்த்தி வைத்தாள். நாற்காலியை மேசைக்கு உள்ளே தள்ளினாள். ஸ்வெட்டர் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"கோபமா?" என்றார் மெல். "ஏய், கோபம்னா ரெண்டு வார்த்த திட்டிட்டாவது போயேன். அராக்ஸி? அராக்ஸி!"

தடித்த கதவு அது. எப்படித் தள்ளினாலும் சத்தமில்லாமல்தான் சாத்திக்கொள்ளும். அவள் வெளியே போனாள்.