லாச்சிக்குள் வைத்த விவாக அறிவித்தல்

ஐம்பதுகளின் கடைசியில் கொக்கிளாய்ப் பக்கத்தில் நான் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகாரனாக இருந்தேன். சுவாமியார் வராத ஞாயிறுகளில் எங்கள் வேதக்கோயிலில் வேதாகமம் வாசிப்பவனும் நான்தான். இரண்டு வேலையும் ஒன்றோடொன்று முட்டும் என்று அதுவரை நினைத்ததில்லை.

என் கூட்டாளி ஒருவன், எங்கள் கோயில்காரன், கரைவலைக்காரன். அவனுடைய மகள், வயல் குடியேற்றத்திலிருந்த ஒரு சைவப் பெடியனோடு வந்து விவாக அறிவித்தல் கொடுத்தாள். இருவரும் வயது வந்தவர்கள். நான் அதைப் பதிவு அலுவலகமான என் கந்தோரின் பலகையில் எல்லாரும் பார்க்க ஒட்டியிருக்க வேண்டும். வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்து, லாச்சியைத் தள்ளி மூடினேன்.

அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. வேதாகமத்தைப் புரட்டினேன். பிற தெய்வத்தாரோடு சம்பந்தம் வேண்டாம் என்றது ஓரிடம். தீர்ப்புச் சொல்பவன் ஆள் பார்க்கக்கூடாது என்றது இன்னோரிடம். முற்றத்துக்கும் மேசைக்குமாக நடந்தேன். மறுநாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் அவள் தனியாக வந்தாள்.

"மாமா, இன்னும் ஒட்டேல்லையோ?"

"ஒட்டுறன் பிள்ளை. கொஞ்சம் யோசிக்கிறன்."

"எங்களைப் பற்றி யோசிக்கிறியளோ, அப்பாவைப் பற்றியோ?"

முகம் சுட்டது. அவள் பார்த்து நிற்கவே ஒட்டினேன்.

மத்தியானம் அவள் தகப்பன் வந்தான். கையில் மீன் செதில்கூடக் காயவில்லை. மேசையில் கிடந்த வேதாகமத்தைத் தூக்கி விவாகப் புத்தகத்தின் மேல் வைத்தான்.

"இதை எங்களுக்கு வாசிக்கிறவன் நீ. இதைவிட உந்தப் புத்தகம் பெரிசோ?"

"அவள் வந்தது கோயிலுக்கில்லை மச்சான், கந்தோருக்கு. நாளைக்கு ஒரு சைவக்காரன் இந்தக் கதிரையிலை இருந்து, வேதக்காரற்றை பிள்ளையைப் பதியமாட்டன் எண்டால் என்ன செய்வாய்?"

வேதாகமத்தை அங்கேயே விட்டுப் போய்விட்டான். என் குரல் மட்டும்தான் உறுதியாக இருந்தது. எழுத்து, அதாவது விவாகப் பதிவு, நடக்கும் நாள்வரை, பலகையில் அந்தக் கடதாசி கிழிபடாமல் இருக்கிறதா என்று எழும்பி எழும்பிப் பார்த்தேன். கிழித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ என்றும் ஒரு நினைப்பு வந்தது.

எழுத்துக்கு அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போனபோது வேறொருவர் வாசிக்க நின்றார். பின்வரிசை வாங்கில் போய் இருந்தேன்.

சில மாதம் கழித்துக் கரையில் அவனைக் கண்டேன். வலை இழுத்தபடி, திரும்பாமலே சொன்னான்:

"நீ எழுதியிராட்டி அவள் எழுத்தில்லாமலே அவனோடை போயிருப்பாள்."

நன்றியா, குற்றச்சாட்டா என்று விளங்கவில்லை. "ஓம்" என்றேன்.

"நிண்டு பாக்காமல் கயித்தைப் பிடி" என்றான்.

பிடித்தேன்.